ரிவர்ஸில் போன கப்பல்

ஏழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். சுடலை ஜெபஸ்டினுக்குத் தர வேண்டியது அவ்வளவு. டெம்போவின் முன்கண்ணாடிக்கு ஆறாயிரத்து எண்ணூறு, அதை மாட்டிய கூலி எண்ணூற்று நாற்பது. நசுக்கிய பெயிண்ட் டப்பா மூட்டைகளை ஏற்றிக் கயிறு கட்டியவன் சுடலை. சயான் சிக்னலில் ஜெபஸ்டின் பிரேக் போட்டதும் முடிச்சு அவிழ்ந்தது. உச்சியில் இருந்த மூட்டை டிரைவர் தலைக்கு மேலே உருண்டு வந்து, முன்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியது.

"கட்டுனது நான்தான். பிரேக் போட்டது நீருல்லா?" என்று சுடலை சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

ஜெபஸ்டினைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் மூட்டை ஏற்றி இறக்கிப் பிழைக்கிற சுடலைக்கு வாரத்தில் பாதி வேலை அந்த டெம்போவில்தான். ஜெபஸ்டின் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். வண்டியின் பின்பக்கம் பாய்மரக் கப்பல் ஒன்றை வரைந்து, கீழே 'கடல் ராஜா' என்று தமிழில் எழுதி வைத்திருந்தான். அதைத் தவிர வேறு தமிழ் எழுத்து எதுவும் அவனுக்கு அடையாளம் தெரியாது. பையனாக பம்பாய் வந்தவன். இந்திப் போர்டு வாசிப்பான், போலீஸ்காரன் முகத்தை இன்னும் நன்றாக வாசிப்பான்.

சுடலைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அதுவும் நாற்பத்தெட்டு வயதில் வந்த வித்தை. மகளிர் குழுவில் கையெழுத்துப் போடப் பழக வேண்டும் என்று அவன் மனைவி பேராச்சி சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். கொண்டு விடப் போன சுடலை, திரும்பி வர அலுப்பாக இருந்ததால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். தன் பெயர் எழுத வந்ததும் பேராச்சி நின்றுவிட்டாள். இவனுக்கு உடம்பு அசந்திருந்தது, பெஞ்சுக்கு மேலே காற்றாடி இருந்தது, நின்றுவிடத் தோன்றவில்லை. அப்படியே 'ஔ' வரைக்கும் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ரத்தி கோடவுனில், எடைக்கு வந்த பழைய காகிதக் குவியலில், கப்பல் கதை கிடைத்தது. ஐந்து பாகம். வழவழப்பான அட்டைக்குத் தனி விலை, உள்தாளுக்குத் தனி விலை என்பதால் ஐந்துக்கும் அட்டையைக் கிழித்தாகிவிட்டது. ஆகவே புத்தகத்தின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. ஒவ்வொரு பாகத்தின் முதல் தாளிலும் 'பார்வதியம்மாள், மாட்டுங்கா' என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. பழைய காலத்துப் படைத்தலைவன் மாறவேள் என்பவன் முப்பது கப்பலோடு கடல் தாண்டிப் போய்ச் சண்டை போடுகிற கதை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்துல் ரவூப் பாயின் டீக்கடை வாசலில் உட்கார்ந்து சுடலை வாசிப்பான். மனசுக்குள் வாசிக்க அவனுக்கு வராது. விரலை எழுத்துக்கு அடியில் நகர்த்தி, வாய்விட்டுத்தான் வாசிக்க வரும். வாய்விட்டு வாசித்ததால் ஆள் சேர்ந்தது. ஆள் சேர்ந்ததால் ரவூப் பாய்க்கு டீ ஓடியது.

ஜெபஸ்டின் முதல் நாள் கடன் கேட்கத்தான் வந்தான். வந்தவன் கடலில் காற்று மாறுகிற இடத்தில் மாட்டிக்கொண்டான். மூன்றாவது நாள், கையில் டீயோடு, எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தான்.

"இங்கேரும் சுடலை. இந்தக் கத முடியுத வரைக்கும் காசு கேக்க மாட்டேன். முடிஞ்ச அன்னைக்கு முழுசா எண்ணி வச்சிரணும். பாய், நீருதான் சாச்சி."

"நான் சாச்சி. டீக்காச மட்டும் கத முடியுதவரை நிப்பாட்டி வைக்காதியும்" என்றார் ரவூப் பாய்.

சுடலைக்கு அதைவிட நல்ல தவணை பம்பாயில் எந்த பேங்கும் தராது. ஒரே ஒரு தொல்லை, கதையில் கடல் வார்த்தைகள் வண்டி வண்டியாக வந்தன. மூட்டை தூக்குகிறவனுக்கு அவை எங்கே தெரியும்? ஆனால் கடற்கரைக்காரன் எதிரிலேயே இருக்கிறானே!

"அண்ணாச்சி, 'அணியம்'னு போட்டிருக்கு. அப்படின்னா?"

"பின்பக்கம்வே" என்றான் ஜெபஸ்டின், டீயை உறிஞ்சாமலே.

"'அமரம்'?"

"முன்பக்கம். இதுகூடத் தெரியாமயா தின்னவேலியிலருந்து வந்தீரு?"

பிறகு கதை அந்தக் கணக்கில் ஓடியது. மாறவேள் அமரத்தில் நின்று பகைவரைப் பார்த்தான் என்றால், எல்லாரும் அவனைக் கப்பலின் முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். சுக்கான் பிடிக்கிறவனும் அமரத்தில் இருந்தான்.

"சுக்கான் முன்னாலயா இருக்கும்?" என்று ரவூப் பாய்க்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஸ்டியரிங் பின்ன எங்க இருக்கும் பாய்? என் டெம்போவுல பின்சீட்டுலயா இருக்கு?"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அணியத்திலிருந்து நங்கூரம் போட்டார்கள் என்று வந்தபோதும் சிக்கல் இல்லை. வண்டியை நிறுத்தினால் பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறோமே, அது மாதிரி என்றான் ஜெபஸ்டின். மாறவேளின் கப்பல் அணியத்து இரும்பு மூக்கால் எதிரிக் கப்பலை முட்டி உடைத்தபோது மட்டும் எல்லாரும் ஜெபஸ்டினைப் பார்த்தார்கள்.

"ரிவர்ஸ் எடுத்து இடிச்சிருக்கான்" என்றான் ஜெபஸ்டின் கடைசியில். "அடி வலுவா விழும்லா? முன்பக்கம் டேமேஜும் ஆவாது."

"லாரிக்காரப் பயலுவளும் அதத்தான செய்யானுவ" என்று மூட்டை தூக்குகிறவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மாறவேள் மேல் எல்லாருக்கும் மரியாதை கூடியது.

இப்படியே இரண்டு பாகம் முடிந்தது.

மூன்றாம் பாகம் தொடங்கிய வாரத்தில், மாட்டுங்காவில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், ரத்தி எடுத்து வா என்று சுடலையைக் கைவண்டியோடு அனுப்பினார்கள். இரண்டாம் மாடி. மகன் டோம்பிவிலியில் பிளாட் வாங்கியிருக்கிறான், அங்கே போகிறோம் என்று அந்த வீட்டு அம்மாள் சொன்னார். வாட்ச்மேன் கீழேயிருந்து "பார்வதியம்மா!" என்று கூப்பிட்டதும் சுடலையின் தலையிலிருந்த கட்டு அப்படியே நின்றது.

"அம்மா, கப்பல் கதை... அஞ்சு பாகம்... உங்க வீட்டுதா?"

"அதை யார் படிக்கறா?"

"நாந்தாம்மா. எடைக்கு வந்துது. டீக்கடையில வாசிக்கேன்."

பார்வதியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். அடுத்து அவர் கேட்டது வேறு. "வழித்துணை இல்லாமலா படிக்கறேள்? கஷ்டமா இல்லை?"

உள்ளே போய், துணிப்பையில் சுற்றிய ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். கப்பல் கதையில் கிறுக்குப் பிடித்த வாசகர் ஒருவர், துறைமுக ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், அந்த ஐந்து பாகத்துக்கும் எழுதிய துணைநூல் அது. எந்தக் கயிறு எங்கே கட்டுவது, எந்தக் காற்று எந்த மாதம், யார் யாருக்கு மச்சான், எல்லாம் இருந்தது. படமும் இருந்தது.

"எடுத்துக்கோங்கோ. ஆனா கடைசி அம்பது பக்கத்தை மட்டும் புரட்டிடாதீங்கோ. ஒவ்வொருத்தரும் யாரு, என்ன பண்றா, எந்த அத்தியாயத்தில் சாகறான்னு வரிசையாப் போட்டு வச்சிருக்கான் அந்த மகானுபாவன்."

சுடலைக்குக் கைவண்டி இழுத்த வலியே தெரியவில்லை. அவன் மூளையில் ஓடியது ஒரே கணக்கு. ஒரு பக்கம் கதை வாசித்தால் நாலு பக்கம் விளக்கம் வாசிக்கலாம். தை மாதம் முடிகிற கதை ஆடிக்குப் போகும். கடனும் கூடவே போகும்.

அன்றைக்கு வீட்டில் பேராச்சி மீன் கழுவிக்கொண்டிருக்க, அவன் துணைநூலின் முதல் படத்தை விரித்தான். முழுக் கப்பலையும் போட்டு, ஒவ்வொரு உறுப்புக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருந்தார்கள். சுடலை விரலை வைத்து வாசித்தான். "அ-ணி-யம். கப்பலின் முன்பகுதி."

இன்னொரு தரம் வாசித்தான். எழுத்து மாறவில்லை.

"அமரம். கப்பலின் பின்பகுதி. சுக்கான் இருக்குமிடம்."

பேராச்சி கத்தியைக் கீழே வைத்தாள். அவளும் டீக்கடைப் பக்கம் வந்து பாதிக் கதை கேட்டவள்தான். "அப்ப இத்தன நாளும் கப்பலு பொறத்தாலயா போச்சு?"

"சிரிக்காத பிள்ள."

"முப்பது கப்பலுமா?"

"சிரிக்காதங்கேன்லா! இத வெளிய சொன்னா அந்தாளுக்கு மூஞ்சி இருக்காது. காச இப்பமே எடுன்னு நிப்பான். டெம்போ வேலையும் போயிரும்."

"சொல்லாட்டா?"

சொல்லாவிட்டால் துணைநூலை வெளியே எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் கதை சீக்கிரம் முடியும், கடன் வந்து கதவைத் தட்டும். எப்படிப் புரண்டு படுத்தாலும் ஏதோ ஒன்று குத்தியது.

கொஞ்ச நாள் துணைநூலை மூட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனான். கயிறு, பாய்மரம், காற்று மூன்றுக்கும் மட்டும், ராத்திரி அதில் வாசித்து வைத்ததை விளக்கமாகச் சொன்னான். முன் பின் பக்கமே போகவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரவூப் பாய்தான் கெடுத்தார். எதிரிகள் மாறவேளைத் துரத்திக்கொண்டு வருகிற கட்டம். அமரத்தில் நின்ற மாறவேளுக்கு முதல் அம்பு தோளில் தைத்தது.

"ஏன் சுடலை, துரத்துதவன் பொறத்தால வாரான். மாறவேள் முன்னால நிக்கான். நடுவுல அம்பது பேரு நிக்காவ. அவ்வளவு பேரையும் விட்டுட்டு அம்பு முன்னால போயா தைக்கும்?"

"காத்து வாட்டம் பாய்" என்றான் ஜெபஸ்டின்.

"காத்து இவனுக்கு எதுத்துலா அடிக்கு? இப்பம்தான வாசிச்சான்?"

எல்லாரும் சுடலையைப் பார்த்தார்கள். சுடலைக்குப் பொய் சொல்லத் தெரியும்; வாசித்துக்கொண்டே பொய் சொல்லத்தான் இன்னும் பழகவில்லை. கை தானாக மூட்டைக்குள் போய்விட்டது. படத்தை விரித்து வைத்தான். யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை. படத்தில் சுக்கான் பின்னால் தொங்கியது. அதை எல்லாராலும் பார்க்க முடிந்தது.

ரவூப் பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு காம்பவுண்டே சிரித்தது. "முப்பது கப்பலும் ரிவர்ஸ்லயே போயிருக்கு டோய்!" "ஹார்ன் அடிச்சிருப்பானுவளா?" "பின்னால ஒருத்தன் நின்னு, ஆனே தோ, வரட்டும் வரட்டும்னு கை காட்டியிருப்பான்!"

ஜெபஸ்டின் எழுந்தான். முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது.

"எவனோ ஆபீஸ்ல இருந்து எழுதுனவன் பெருசு, கடல்ல பொறந்த நான் சிறுசு, அப்படித்தான? சரி. கதையும் வேண்டாம் ஒரு எழவும் வேண்டாம். வார ஞாயித்துக்கெழம எங்காசு வந்தாவணும். இல்லாட்டா டெம்போ பக்கம் வராதேயும்."

டீக்காசு கொடுக்காமல் போய்விட்டான். அவன் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சீத்தா கேம்ப்பில் ஒரு லோடு இறக்க வேண்டியிருந்தது. முன்னாலேயே பேசி வைத்த வேலை என்பதால் சுடலையை விடவும் முடியவில்லை. செம்பூர் தாண்டும் வரை ஜெபஸ்டின் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஹார்ன் அடித்தான். சுடலை துணைநூலைப் பையோடு மடியில் வைத்திருந்தான். லோடு இறங்கியதும் ஜெபஸ்டின் வண்டியைத் திருப்பாமல், டிராம்பே படகுத்துறைக்கு விட்டான்.

"இறங்கும்வே. புஸ்தகத்தையும் எடும். படகுல வச்சே காட்டுதேன், எது முன்ன எது பின்னன்னு."

கடல் ஏறுகிற நேரம். தண்ணீர் துறைக்கல் வரைக்கும் வந்திருந்தது. அந்த ஊர் மீனவரான கோலிக்காரர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய படகு கல்தூணில் கட்டிக் கிடந்தது. ஜெபஸ்டின் இந்தியில் அனுமதி கேட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடல் ராஜா மாதிரியே குதித்து ஏறினான். படகு இப்படி ஒரு தரம் அசைந்தது. அப்படி ஒரு தரம் அசைந்தது.

"இந்தா பாத்துக்கிடும், இதுதான்..." என்று கையைத் தூக்கினான். தூக்கிய கை வாய்க்குப் போனது.

அப்புறம் நடந்ததைச் சுடலை பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டான். காலையில் தின்ற வடாபாவ் முதல் எல்லாம் போனது. கோலிக்காரர் வலையை விட்டுவிட்டு எழுந்து, படகையும் பார்த்தார், தூணில் இறுகிக் கிடந்த கயிற்றையும் பார்த்தார். "அரே பாய், அபி தோ கோலா பி நஹீ!" என்றார். இன்னும் அவிழ்க்கவே இல்லையே என்று அவருக்கு வருத்தம்.

சுடலை கைகொடுத்து இறக்கினான். துறைக்கல்லில் உட்கார வைத்து, பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். ஜெபஸ்டின் லுங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கய்யா என்ன மூணு தடவ கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்றான். "மூணு தடவையும் இதே கததான். வலையில மீனவிட எங்குடலுதான் சாஸ்தி கெடந்துது. நாலாம் தடவ பம்பாய்க்கு ரயிலேத்தி விட்டுட்டாரு. ரயில்லயும் கொஞ்சம் வந்துது. அதுல எனக்கு அணியம் ஏது, அமரம் ஏது? குனிஞ்சது ஒண்ணுதான் தெரியும்." பிறகு நிமிர்ந்து, "சிரியும். அங்க போய்ச் சொல்லியும் சிரியும்" என்றான்.

சுடலை சிரிக்கவில்லை. பையைப் பிரித்தான். பார்வதியம்மாள் புரட்டாதே என்ற பக்கங்களை அவன் எப்போதோ புரட்டிவிட்டிருந்தான். விரலை வைத்து வாசித்தான்.

"மாறவேள். படைத்தலைவன். ஒவ்வொரு பயணத்திலும் முதல் மூன்று நாள் கப்பல் விளிம்பைப் பிடித்துக் கொண்டு வாந்தி எடுப்பான். வீரர்கள் பார்க்காதிருக்கக் கூடாரத் துணியைக் கட்டிக்கொள்வான். சுக்கு மென்று, தூரத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தால் சற்றுக் குறையும். நான்காம் பாகம், பதினோராம் அத்தியாயம் காண்க."

"நீரா கட்டிச் சொல்லுதீரு."

"எனக்குக் கட்டிச் சொல்ல வருமா அண்ணாச்சி? எழுத்துக்கூட்டவே நாக்கு தள்ளுது."

ஜெபஸ்டின் புத்தகத்தைப் பிடுங்கினான். ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் "வாந்தி எங்க இருக்கு? காட்டும்" என்றான். சுடலை காட்டினான். அந்த ஒரு சொல்லின் மேல் ஜெபஸ்டின் தன் விரலை வைத்து, கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தான்.

"மூணு நாளா?"

"ஒவ்வொரு தடவையும் மூணு நாளு."

"எனக்கு ஒரு நாள்தான்வே" என்றான் ஜெபஸ்டின். திரும்பி வருகிறபோது வண்டியை நிறுத்தி, ஒரு மளிகைக் கடையில் சுக்கு வாங்கி, சுடலைக்கும் ஒரு துண்டு கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனது. காசு கேட்கவில்லை. திங்கட்கிழமை டீக்கடையில் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தான். யாராவது "ரிவர்ஸ்" என்று வாயெடுத்தால், "கதையக் கேளும்லே" என்பான். சுடலையும் கடற்கரையில் நடந்ததை மூச்சு விடவில்லை. பேராச்சியிடம்கூட, சுக்கு வாசனை எப்படி வந்தது என்று அவள் கேட்டபோது, சளி என்றான். துணைநூல் இப்போது பகிரங்கமாகத் திறந்தது. கயிற்றுப் பகுதியில் படம் பார்த்துச் சுடலை ஒரு முடிச்சும் கற்றுக்கொண்டான். சயான் சிக்னலில் எத்தனை பிரேக் போட்டாலும் மூட்டை இருந்த இடத்தில் இருந்தது.

நான்காம் பாகம் பதினோராம் அத்தியாயம் வந்த அன்று டீக்கடையே உருண்டு சிரித்தது. ஜெபஸ்டின் கண்ணாடி டம்ளரை நங்கென்று வைத்தான்.

"எதுக்குலே சிரிக்கிய? வாந்தி எடுத்துக்கிட்டே ஏழு சண்ட ஜெயிச்சிருக்கான். நீங்க வாந்தி எடுக்காம என்னத்தக் கிழிச்சிய?"

சுடலை விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான்.

எவ்வளவு இழுத்தும், மழைக்காலம் பிறக்கும்போது ஐந்தாம் பாகமும் தீர்ந்தது. மாறவேள் கரை வந்து சேர்ந்தான். சுடலை கடைசி வரியை வாசித்துவிட்டு, துணைநூலில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று புரட்டினான். பிழைதிருத்தம் வரைக்கும் வாசித்தாயிற்று. இனி ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தான். பேராச்சி குழுவில் வாங்கித் தந்ததும் சேர்த்து நாலாயிரம்தான் தேறியிருந்தது.

"அண்ணாச்சி, மீதிக்கு மட்டும் கொஞ்சம்..."

"பொறும்வே." ஜெபஸ்டின் எழுந்து நின்றான். "பாய், நீருதான சாச்சி? கேட்டுக்கிடும். இந்தாளு முடிச்சு போடத் தெரியாம எங்கண்ணாடிய ஒடச்சான். உண்டா?"

"உண்டு."

"நான் கடலு தெரியாம இவங் கப்பல, ஒண்ணில்ல முப்பது கப்பல, ரெண்டு பாகம் ரிவர்ஸ்ல ஓட்டிட்டேன். உண்டா?"

ஜெபஸ்டின் தன் வாயால் 'கடலு தெரியாம' என்றதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ரவூப் பாய் வடிகட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"உண்டு" என்றார்.

"முப்பது கப்பலுக்கு டேமேஜு போட்டா எங்கண்ணாடிய விடக் கூடத்தான் வரும். ரெண்டுக்கும் சரியாப் போச்சு. கடன் தீந்துது." நாலாயிரத்தையும் மறுபடி கைக்குட்டையில் வைத்து, அவனே முடிச்சுப் போட்டு, சுடலை மடியில் போட்டான். அந்த முடிச்சு உடனே அவிழ்ந்துகொண்டது.

சுடலை நழுவிய நோட்டுகளைச் சேர்த்துப் பிடித்தான். "அண்ணாச்சி..." என்றான்.

"அண்ணாச்சி கிண்ணாச்சியெல்லாம் அப்புறம்." ஜெபஸ்டின் உட்கார்ந்து, வாயில் ஒரு துண்டு சுக்கைப் போட்டுக்கொண்டான். "மொதப் பாகத்த எடும். இந்தத் தடவ நேரா ஓட்டும்."